தகப்பன் காதில் விழுந்த பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இரு வாரங்களுக்கு முன் 'வாதுமை மரம்' என்ற தலைப்பில் வெளியான ஜெர்மானிய நாட்டார் கதையின் சுருக்கத்தையும், அதனுடன் வந்த விளக்கக் கட்டுரையையும், இத்தகைய கதைகளை அச்சிடுவதே தவறு என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். இந்தக் கதையை ஆங்கில மொழிபெயர்ப்புகள் இரண்டின் வழியாகவும், ஜெர்மன் அறிந்த என் மகள் மூலத்தை வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்லக் கேட்டும் பலமுறை படித்திருக்கிறேன். அந்த உரிமையில் சில செய்திகளைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் மரத்தின் பெயர். கதையின் மூலம் வட ஜெர்மனியின் வட்டார வழக்கில் அமைந்தது. அவ்வழக்கில் 'மஹாண்டல்' என்பது ஜூனிப்பரைக் குறிக்கும். ஜெர்மன் மொழியில் 'மாண்டல்' என்றால் வாதுமை. ஓசை ஒற்றுமையில் ஏமாந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் மரம் வாதுமையாகிவிட்டது. தங்கள் கட்டுரையாளர் அவற்றுள் ஒன்றைப் பின்பற்றியிருக்க வேண்டும். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாகாது. வாதுமை வசந்தத்தில் பூத்துக் குலுங்கும் மரம். அதன் பருப்பை மக்கள் விரும்பி உண்பர். ஜூனிப்பரோ ஊசி இலைகளுடன் பனிக்காலத்திலும் பச்சையாக நிற்பது. அதன் காய் கனிய ஓராண்டுக்கு மேல் ஆகுமாதலால், பச்சைக் காயும் கருநீலக் கனியும் ஒரே கிளையில் காணப்படும். ஜின் என்னும் மதுவுக்கு மணம் தருவது அந்தக் கனிதான். நோயையும் தீய ஆவிகளையும் விரட்ட ஐரோப்பியக் கிராமத்தார் புகைத்ததும் அந்த மரத்தின் கிளைகளைத்தான். மருந்தாகவும் கசப்பாகவும் இருக்கும் இம்மரத்தின் இடத்தில் வாதுமையை நட்டுவிட்டு அதற்குக் குறியீட்டு விளக்கம் எழுதினால், அவ்விளக்கம் எந்தக் கதைக்கு உரியது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கதையை எழுத்தில் வடித்தவர் பிலிப் ஓட்டோ ரூங்க என்னும் ஓவியர். 1777இல் பால்டிக் கரையோரத்து வோல்காஸ்ட் நகரில் பிறந்து, 1810இல் ஹாம்பர்கில் மறைந்தவர். தம் நாட்டு வழக்கிலேயே அவர் எழுதி 1806இல் அனுப்பிய இரண்டு கதைகளுள் இது ஒன்று. 1808இல் ஓர் இதழில் வெளிவந்து, 1812இல் ஜெர்மானிய நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பின் முதற்பகுதியில் 47ஆம் கதையாக இடம்பெற்றது. நாட்டார் கதையை எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று அச்சகோதரர்கள் இதனை முன்மாதிரியாகக் கொண்டனர். பிற கதைகளைப் பதிப்புக்குப் பதிப்பு திருத்தியவர்கள், 1857ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு வரை இக்கதையை வட்டார வழக்கிலேயே விட்டுவைத்தனர்.

சுருக்கத்தைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். பனி பெய்த ஒரு நாளில் வீட்டு முற்றத்து ஜூனிப்பர் மரத்தடியில் ஆப்பிளைத் தோல் சீவும் பெண்ணொருத்தி விரலை அறுத்துக்கொள்கிறாள். பனிமேல் விழுந்த குருதியைக் கண்டு, இரத்தம்போல் சிவந்தும் பனிபோல் வெளுத்தும் ஒரு பிள்ளை வேண்டுமென ஏங்குகிறாள். மகன் பிறக்கிறான், அவள் இறக்கிறாள், மரத்தடியில் புதைக்கப்படுகிறாள். இரண்டாம் மனைவிக்கு மார்லேன் என்று ஒரு மகள். சொத்து முழுவதும் தன் மகளுக்கே சேர வேண்டும் என்னும் எண்ணம் முற்றி, ஆப்பிள் எடுக்கப் பெட்டிக்குள் குனிந்த சிறுவனின் தலையை அவள் கனத்த மூடியால் துண்டிக்கிறாள். தலையைக் கழுத்தின்மேல் வைத்து வெள்ளைத் துணியால் கட்டி, கையில் ஆப்பிளுடன் அவனை வாசலில் உட்கார்த்துகிறாள். கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை என்று வந்து முறையிடும் மார்லேனிடம், காதைச் சேர்த்து ஓர் அறை கொடு என்கிறாள்; சிறுமி அறைய, தலை உருண்டு விழுகிறது. பின்னர் தாய் அவனைச் சமைக்கிறாள், தந்தை உண்கிறான். மார்லேன் எலும்புகளைப் பட்டுத்துணியில் முடிந்து மரத்தடியில் வைக்கிறாள். மூட்டத்திலும் நெருப்பிலும் இருந்து ஒரு பறவை எழுகிறது. அது பாடிப் பாடிப் பொற்சங்கிலி, சிவப்புக் காலணி, திரிகைக்கல் ஆகிய மூன்றையும் பெற்று வந்து தந்தைக்கும் தங்கைக்கும் தாய்க்கும் மேலிருந்து போடுகிறது. கல் விழுந்த இடத்தில் புகையும் தீயும் எழுந்து அடங்க, சிறுவன் மீண்டும் நிற்கிறான்.

இக்கதைக்குக் கட்டுரையாளர் தந்திருப்பது ஓர் அகராதி. மரம் தாய், ஆப்பிள் பாவம், பறவை ஆன்மா, சங்கிலி அன்பு, கல் நீதி என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு சொல் நிற்கிறது. ஐயம் என்பதற்கே இடமில்லை. வகுப்பறையில் உள்ளுறை உவமம் நடத்தும்போது நாங்களும் அப்படித்தான் செய்வோம்: வண்டு தலைவன், பொய்கை மருத நிலத்து வாழ்வு, எருமை மிதித்துழக்கும் பூ தலைவி என ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டுவோம். ஆனால் தொல்காப்பியம் உள்ளுறையோடு நிற்கவில்லை. இறைச்சி என்று மற்றொன்றையும் கூறுகிறது. அது சொல்லப்படும் பொருளுக்குப் புறத்தே தோன்றுவது, திறமுடையோர்க்குப் புலப்படுவது, ஒன்றுக்கொன்று என்னும் பொருத்தத்துக்கு அடங்காதது. (உண்ணும் ஊனுக்கும் அதே சொல் வழங்குவதை இக்கதையைப் பற்றி எழுதும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை, அது வெறும் தற்செயல்.) கட்டுரையாளர் இறைச்சியாக உள்ள கதையை உள்ளுறையாகப் படித்துவிட்டார் என்பதே என் முதன்மையான முறையீடு.

மரம் தாய் என்பதையே எடுத்துக்கொள்வோம். தாய் அங்கே புதைக்கப்படுவதற்கு முன்பே மரம் இருக்கிறது. அவள் கருவுற்ற மாதங்களைக் கதை ஒவ்வொன்றாக எண்ணுகிறது: முதல் மாதத்தில் பனி கரைந்தது, இரண்டாவதில் யாவும் பச்சையாயிற்று, மூன்றாவதில் மண்ணிலிருந்து மலர்கள் வந்தன. ஐந்தாம் மாதத்தில் அம்மரத்தின் நறுமணத்தில் அவள் நெஞ்சம் துள்ள, மண்டியிட்டு விழுகிறாள். ஏழாம் மாதத்தில் அதன் கனிகளைப் பறித்துப் பேராவலுடன் தின்கிறாள். உடனே துயரும் நோயும் பற்றுகின்றன. எட்டாம் மாதத்தில் கணவனை அழைத்து, நான் இறந்தால் இம்மரத்தடியில் புதையுங்கள் என்று அழுகிறாள். ஆயினும் அவள் எதனால் இறந்தாள் என்று கதை கூறும்போது, பிள்ளையைக் கண்ட மகிழ்ச்சியால் இறந்தாள் என்கிறது. கனி கொன்றதா, மகிழ்ச்சி கொன்றதா? மரம் அவளுக்குப் பிள்ளையைக் கொடுத்து, விலையாக அவளை எடுத்துக்கொண்டதா? இவற்றுள் எதற்கும் கதையில் விடையில்லை. ஆனால் அளவு மீறி உண்பவர்கள் இக்கதையில் இருவர், அவர்களுள் முதலாமவர் நல்லவள் என்று நாம் முடிவுகட்டியிருக்கும் பெற்ற தாய்தான் என்பது மட்டும் கதையிலேயே வெளிப்படையாக உள்ளது. 'மரம் தாய்' என்று எழுதி முடித்தவருக்கு இந்தக் கனிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனாலேயோ என்னவோ, சுருக்கத்தில் அவை விடுபட்டுப்போயின.

இரண்டாவதாக உண்பவன் தந்தை. மகன் எங்கே என்று கேட்கிறான். பெரிய மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான், ஆறு வாரம் தங்குவான் என்று மனைவி கூறுகிறாள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டானே என்று வருந்தியபடியே உண்ணத் தொடங்கியவன், சுவை மிகுதியால் இன்னும் இன்னும் என்று கேட்கிறான். மற்றவர்களுக்குக் கிடையாது, இதெல்லாம் எனக்கே உரியதுபோல் தோன்றுகிறது என்கிறான். அறியாமல் சொல்லிய சொல்லில் முழு உண்மையும் இருக்கிறது. எலும்புகளை மேசைக்கு அடியில் எறிந்துகொண்டே உண்டு முடிக்கிறான். மார்லேனின் கண்ணீர் விழுந்த அந்தக் குழம்புக்கு உப்பே தேவைப்படவில்லை என்று கதை முன்னரே கூறிவிட்டது. இத்தகைய ஒரு வரிக்கு அகராதியில் எந்தச் சொல்லை எழுதுவது?

இனி, என்னைப் பல ஆண்டுகளாகப் பற்றிக்கொண்டிருக்கும் இடம். பறவை பாடுகிறது: என் தாய் என்னைக் கொன்றாள், என் தந்தை என்னை உண்டான், என் தங்கை மார்லேன் எலும்புகளைத் தேடிச் சேர்த்துப் பட்டில் கட்டி ஜூனிப்பர் அடியில் வைத்தாள், எத்துணை அழகிய பறவை நான்! இப்பாட்டைப் பொற்கொல்லன் கேட்கிறான். ஓடிவரும் அவசரத்தில் ஒரு காலில் செருப்பைத் தொலைத்துவிட்டு வீதியில் நிற்கிறான். இன்னொரு முறை பாடு என்று கெஞ்சுகிறான். சும்மா இரண்டாம் முறை பாடமாட்டேன் என்று விலை பேசும் பறவைக்குச் சங்கிலியைக் கொடுக்கிறான். செருப்புத் தைப்பவன் கேட்கிறான், ஆலையில் கல் கொத்தும் இருபது பேர் கேட்கிறார்கள். கொலையும் ஊன் உண்டதும் அப்பாட்டில் பட்டவர்த்தனமாகக் கிடக்கின்றன; ஒருவராவது சொல்லைக் கேட்டு அதிர்ந்தாரா என்றால் இல்லை. எவ்வளவு இனிய பாட்டு என்றே எல்லாரும் கூறுகின்றனர்.

பறவை வீட்டு மரத்தில் வந்து அமர்ந்ததும் கதை பாட்டை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் முகத்தைக் காட்டுகிறது. 'என் தாய் என்னைக் கொன்றாள்' என்ற வரிக்குத் தாய் காதைப் பொத்துகிறாள், கண்ணை இறுக மூடுகிறாள்; ஆனாலும் காதில் பெரும்புயல் இரைகிறது, கண்ணில் மின்னல் எரிகிறது. 'என் தந்தை என்னை உண்டான்' என்ற வரிக்கு, ஆம், சரியாக அந்த வரிக்கு, தந்தை கூறுவது இது: அங்கே ஓர் அழகிய பறவை எவ்வளவு அருமையாகப் பாடுகிறது, வெயில் எவ்வளவு இதமாக இருக்கிறது, எங்கும் இலவங்கப்பட்டையாகவே மணக்கிறது! தங்கையின் வரிக்கு மார்லேன் முழங்காலில் தலையைப் புதைத்து அழுகிறாள். ஒரே பாட்டை ஒரே வீட்டில் மூவர் கேட்கின்றனர். ஒருத்திக்கு அது தீர்ப்பு, ஒருத்திக்குத் துயரம், ஒருவனுக்கு இலவங்கப்பட்டை மணம்.

இதில் தந்தையை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? குற்றமற்றவன், ஆதலால் அவன் காதில் இனிமை மட்டும் விழுகிறது என்று கொள்ளலாம். கேட்டதைக் கேளாதவனாக இருப்பதே அவன் குற்றம், வீட்டில் சிறுவன் பட்ட அடியும் உதையும் கண்முன் நடந்தும் காணாதிருந்தவனுக்கு இதுவும் கேட்கவில்லை என்றும் கொள்ளலாம். மகன் அவனை மன்னித்துவிட்டான், அந்த மன்னிப்புதான் வெயிலாகவும் மணமாகவும் அவனை வந்தடைகிறது என்று என் மகள் கூறுகிறாள். எனக்கு இரண்டாவது பொருளே பல காலமாக உடன்பாடு. ஆனால் மற்ற இரண்டையும் பொய்யென்று காட்ட மூலத்தில் ஒரு சொல்லும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'சங்கிலி அன்பைக் குறிக்கும்' என்று எழுதியவர் அது விழுந்த இடத்தைக் கவனித்திருக்க வேண்டும். அது கழுத்தில் விழுகிறது. இந்தக் கதையில் கழுத்து சும்மா வரும் உறுப்பன்று: பெட்டியின் மூடி வெட்டியது கழுத்தை, வெள்ளைத் துணி சுற்றியது கழுத்தை, இருபது பேர் நெம்பித் தூக்கிய திரிகைக்கல்லின் துளைக்குள் பறவை நுழைத்து, சட்டைக் கழுத்துப்பட்டிபோல் அணிந்து பறந்ததும் தன் கழுத்தில்தான். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், சிறியோருக்கு இடறல் செய்கிறவனின் கழுத்தில் திரிகைக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவது நலம் என்று வருவதை வடஜெர்மனியின் கேட்போர் அறிந்திருப்பர். அங்கே கல் கட்டப்படுவது இடறல் செய்தவன் கழுத்தில். இங்கே அக்கல்லை முதலில் சுமந்து வருவது இடறலுக்கு ஆளான பிள்ளையின் கழுத்து. 'கல் நீதி' என்ற இரண்டு சொற்களில் இந்தச் சுமை அடங்குமா?

அந்தத் தாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் இழுத்துவரப்பட்டுத் தண்டிக்கப்படவில்லை. கணவனும் மகளும் வெளியே போய்ப் பரிசுடன் மகிழ்ந்து திரும்புவதைக் கண்டு, உலகமே அழிவதுபோல் இருக்கிறது, நானும் போகிறேன், என் மனம் சற்று இலேசாகிறதா பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தானே வாசலைத் தாண்டுகிறாள். இலேசாக வேண்டி வெளியே வந்தவள் மேல் கல் விழுகிறது. அவள்மீது எனக்கு இரக்கம் உண்டாக வேண்டும் என்று கதை கேட்கவில்லை; இருந்தும் அவ்வரியை எழுதாமலும் விடவில்லை.

பாட்டில் 'மாற்றாந்தாய்' என்ற சொல் வருவதில்லை. 'என் தாய்' என்றே வருகிறது. இதைச் செய்யுள் வசதி என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் பாட்டு ரூங்கவுக்கும் முந்தியது. ஜெர்மன் கவிஞர் கதே தம் 'ஃபாவுஸ்ட்' நாடகத்தில் சிறைக்குள் இருக்கும் கிரெட்சனின் வாயில் இதன் ஒரு வடிவத்தை வைத்தார். அவள் தான் பெற்ற குழந்தையைத் தானே நீரில் அமிழ்த்திக் கொன்றவள். கொல்லப்பட்ட பிள்ளை தாயைப் பழித்துப் பாடும் பாட்டைக் கொன்ற தாயே பாடுகிறாள். ஸ்காட்லாந்தில் வழங்கும் வடிவத்தில் கொல்பவள் பெற்ற தாய். கணவன் கொண்டுவந்த முயலைச் சுவை பார்த்துப் பார்த்தே தின்று தீர்த்துவிட்டு, சட்டியில் போட வேறின்றி மகனைப் போடுகிறாள். அங்கே தந்தை உண்ணும்போதே இது என் பிள்ளையின் பாதம் அல்லவா என்று ஐயுறுகிறான். முயலின் கால்தான் என்கிறாள் அவள். இது அவன் கை அல்லவா என்று மறுபடியும் கேட்டுவிட்டு, உண்டு முடிக்கிறான். ஜெர்மானிய வடிவத்தில் தந்தையின் ஐயத்துக்கு இடமே தரப்படவில்லை.

கட்டுரையாளர் மேற்கோள் காட்டும் உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம், 1976இல் வெளியான தம் நூலில், குழந்தை தன் தாயின் அன்பையும் சினத்தையும் ஒருங்கே தாங்க மாட்டாமல் அவளை நல்ல தாய், கெட்ட மாற்றாந்தாய் என இரண்டாகப் பிளந்துகொள்கிறது என்று வாதிட்டார். கருத்து ஆழமானதுதான். ஆனால் இதைக் கிரிம் கதைகளுக்குப் பொருத்தும்போது பதிப்பு வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1812ஆம் ஆண்டின் முதற்பதிப்பில் பனிவெண்மகளை ('ஸ்னோ ஒயிட்') கொல்ல முயல்பவள் அவளைப் பெற்ற தாய், 1819இல்தான் மாற்றாந்தாயாக்கப்பட்டாள். ஹான்சலையும் கிரேத்தலையும் காட்டில் விடச் சொன்ன தாய் 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாயானாள். ஆகவே அவ்விரு கதைகளிலும் தாயை இரண்டாகப் பிளந்தது குழந்தையின் மனமன்று, பதிப்பாசிரியரின் பேனா.

சென்ற வாரக் கடிதத்துக்கு வருகிறேன். பிள்ளையைக் கொன்று சமைக்கும் கதை நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத அந்நியக் கொடூரம் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். எட்டு வயதுக் குழந்தை தனியே படிக்க இக்கதையைக் கொடுக்கலாகாது என்பதில் அவரோடு நானும் உடன்படுகிறேன். இணைப்பின் சிறுவர் பக்கத்துக்கு எதிரே இதனை அச்சிட்டது பொருத்தமில்லை. ஆனால் 'அந்நியம்' என்ற சொல்லை எழுதுமுன் அவர் பெரியபுராணத்தின் சிறுத்தொண்டரை நினைத்திருக்கலாம். திருச்செங்காட்டங்குடியில் சீராளன் கறியாக்கப்பட்டதையும், அழைத்த குரலுக்கு ஓடி வந்ததையும் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுபவர்கள் நாம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே தாயும் தந்தையும் அறிந்தே செய்கிறார்கள், பிள்ளைக்கறி கேட்டவர் இறைவன் என்பது கதை கேட்போருக்கு முன்பே தெரியும், உண்ணும் நேரத்தில் பிள்ளை திரும்பி வருகிறான். இங்கே தந்தை அறியாமல் உண்டே விடுகிறான், கேட்டவர் எவருமில்லை. இவ்வளவு வேறுபாட்டையும் எடுத்துப் பேச நமக்கு நம் கதையே வழிகாட்டும்போது கண்ணை மூடிக்கொள்வானேன்?

நிறைவாக ஒரு வேண்டுகோள். தங்கள் இணைப்பில் வெளியான சுருக்கம், 'தந்தையும் பிள்ளைகள் இருவரும் உண்மைகளை அறிந்து, நெடுங்காலம் இன்பமாக வாழ்ந்தனர்' என்று முடிகிறது. மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லை. தந்தை உண்மையை அறிந்தான் என்பதற்கும், நான்தான் அண்ணன் தலையை விழுத்தினேன் என்று எண்ணி அழுத மார்லேனிடம் யாரும் உண்மையைச் சொன்னார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மகன் ஒரு கையால் தந்தையையும் ஒரு கையால் மார்லேனையும் பற்றிக்கொள்கிறான். மூவரும் பெருமகிழ்ச்சியுடன் வீட்டுக்குள் போய், மேசையில் அமர்ந்து, உண்டார்கள். 'உண்டார்கள்' என்பதே மூலத்தின் கடைசிச் சொல். எந்த மேசைக்கு அடியில் எலும்புகள் எறியப்பட்டனவோ, அந்த வீட்டு மேசையிலேயே கதை முடிகிறது. மரத்தின் பெயரையும் இந்தக் கடைசி வரியையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கோவில்பட்டி